மாதாவுக்கு எதற்குக் கிரீடம்? ஒரியூர் முதல் காற்றாடிமலை வரை

2024 ஜூலை 24, ஒரியூர்

திருவாடானையில் இறங்கியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. ஒரியூர் பேருந்து இன்றைக்கு வராது என்று டீக்கடைக்காரர் சொல்லிவிட்டார். ஆட்டோவுக்கு 400 ரூபாய் கேட்டு 350க்கு இறங்கி வந்தார்கள். வழி நெடுகச் சீமைக்கருவேலம், தண்ணீர் வற்றிய கண்மாய், ஆங்காங்கே பனை. அனல் காற்றில் அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. முழங்கால் வலி தீர்ந்து நடமாட முடிந்தால் ஒரியூர், தூத்துக்குடி, கோட்டாறு மூன்றுக்கும் வருவதாக நேர்ந்திருந்தார். கூட்டிப்போக ஆள் வேண்டும், நான் கிளம்பினேன். கிளம்பும்போது என் மகளின் கேள்வியும் கூடவே வந்தது. பள்ளியில் குடியரசைப் பற்றிப் படிக்கிறாள். வீட்டில் செபமாலை முடிந்து மன்றாட்டு மாலை சொல்லும்போது "வானதூதர்களின் அரசியே, மறைசாட்சிகளின் அரசியே" என்று வரிசையாக வருமல்லவா? "இப்ப ராஜாவே கிடையாது, மாதாவுக்கு மட்டும் எதுக்குப்பா கிரீடம்?" என்றாள். ஏதோ சொல்லிச் சமாளிக்கிற கேள்வியாக எனக்குப் படவில்லை.

இன்று புதன்கிழமை. அருளானந்தர் என்று இங்கே அழைக்கப்படும் போர்த்துகீசியக் குரு ஜான் தெ பிரிட்டோவின் தலை வெட்டப்பட்டதும் ஒரு புதன்கிழமைதான்: 1693 பிப்ரவரி 4, விபூதிப் புதன். பாம்பாற்றங்கரையில் அவர் ரத்தம் விழுந்து சிவந்ததாக நம்பப்படும் மண்ணை மக்கள் இன்றும் பொட்டலம் கட்டி எடுத்துப் போகிறார்கள். அத்தை கைக்குட்டையில் ஒரு பிடி முடிந்துகொண்டார்.

ஜான் தெ பிரிட்டோ லிஸ்பன் அரண்மனையில் வளர்ந்தவர். பின்னாளில் போர்த்துகல்லின் அரசரான இரண்டாம் பெத்ரோவுக்குச் சிறுவயதுத் தோழர். அந்த வாழ்வை விட்டுவிட்டு இங்கே வந்து காவி கட்டி, மரக்கறிச் சோறு தின்று, மறவர் சீமையில் ஊர் ஊராக நடந்தார். நடுவில் ஒருமுறை ஐரோப்பா திரும்பியபோது அரசர் அங்கேயே நிறுத்திக்கொள்ளப் பார்த்தார், இவர் நிற்கவில்லை. திரும்பி வந்த பிறகு தடியத் தேவர் என்ற மறவர் தலைவர் ஞானஸ்நானம் கேட்டார். ஒரு மனைவியோடு மட்டும் வாழ வேண்டும் என்றார் அருளானந்தர், அவரும் சம்மதித்தார். விலக்கப்பட்ட மனைவியருள் ஒருத்தி இராமநாதபுரம் அரசர் கிழவன் சேதுபதியின் உறவுக்காரப் பெண். அவள் போய் முறையிட்டாள், மரண தண்டனை வந்தது. ஓர் அரசரின் நண்பரை இன்னொரு அரசர் கொன்ற இடத்தில்தான் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

கோயிலுக்குப் பக்கத்து மரத்தடியில் ஒரு குடும்பம் கிடா வெட்டிச் சமைத்துக்கொண்டிருந்தது. தேவகோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், நெற்றியில் திருநீறு. பேரனுக்கு இங்கே மொட்டை போட்டிருக்கிறார்கள். நாங்கள் ஒதுங்கிப் போனபோது அந்த வீட்டுப் பெரியம்மா எழுந்து வந்து, "நேத்திக்கடன் சாப்பாடு. சாப்பிடாமப் போனா அருளானந்தருக்கு ஆகாது" என்று அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். வாழையிலையில் சோறு, கெட்டியான கறிக்குழம்பு, ஈரல் வறுவல் கொஞ்சம் தனியாக. எந்த ஊர் என்று மட்டும் கேட்டார்கள். என்ன ஆள், என்ன கோயில் என்று யாரும் கேட்கவில்லை.

ஜூலை 25, இராமநாதபுரம் வழியாகக் கடற்கரைச் சாலை

தண்டனை கொடுத்தவரின் வீட்டையும் பார்த்துவிடுவோம் என்று இராமநாதபுரத்தில் இறங்கினோம். இராமலிங்க விலாசம் கிழவன் சேதுபதி காலத்து அரண்மனை. அவருக்குப் பின் வந்த முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் சுவர் முழுக்க ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். இராமாயணம், போர்க்களம், தொப்பி போட்ட ஐரோப்பியர்கள். அவற்றில் ஒரு காட்சியின் முன்னால் வெகுநேரம் நின்றேன்: இராஜராஜேசுவரி அம்மன் சேதுபதிக்குச் செங்கோல் கொடுக்கிறாள். இந்த மண்ணில் அரசு என்பது தாயின் கையிலிருந்து வாங்கிக்கொள்வது. வேற்று நாட்டிலிருந்து வந்த மதம் மாதாவை அரசியாக உட்காரவைத்தபோது மறவர் சீமைக்கும் தூத்துக்குடிக் கடற்கரையின் பரவர் துறைக்கும் அது ஏன் அந்நியமாகப் படவில்லை என்பது அந்தச் சுவரின் முன்னால் பிடிபட்டது.

அங்கிருந்து சாயல்குடி, வேம்பார், வைப்பார். பேருந்து ஜன்னல் வழியே உப்புக் காற்று. தூத்துக்குடி நெருங்க நெருங்க உப்பளங்கள். குவித்து வைத்த உப்பில் வெயில் பட்டுக் கண் கூசியது.

முன்பணம் கட்டிப் பதிவு செய்திருந்த விடுதியில் அறை இல்லை என்றார்கள். திருவிழாக் கூட்டம், கூடக் கொடுத்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. இரவு எட்டரை மணிக்கு, முழங்கால் வலிக்காரரை வாசலில் நிறுத்திவைத்து இப்படிச் சொல்வது எந்த ஊர் நியாயம்? முன்பணத்தைத் திருப்பி வாங்கவே அரை மணி நேரம் வாதாட வேண்டியிருந்தது. பக்கத்தில் பொரிச்ச பரோட்டா போட்டுக்கொண்டிருந்தவர் இதையெல்லாம் பார்த்துவிட்டு, யாருக்கோ போன் போட்டு, ஒரு வீட்டு மாடியறையை ஏற்பாடு செய்தார். இரவுக்கு 600 ரூபாய், மின்விசிறி மட்டும். "பெரியம்மாவ மொதல்ல உக்கார வைங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் எனக்கு இலை போட்டார். மொறுமொறுவென்ற பரோட்டா, சால்னா, முட்டை. கடைசியில் கணக்கில் முட்டையைச் சேர்க்கவில்லை.

ஜூலை 26, தூத்துக்குடி

விடிவதற்கு முன்பே கிளம்பியும் கோயிலுக்குள் இடமில்லை, வளாகத்தில்தான் நின்றோம். பனிமய மாதா பேராலயத்தின் 442ஆவது ஆண்டுத் திருவிழாக் கொடியேற்றம். ஊரில் பழைய ஆட்கள் இன்னும் தஸ்நேவிஸ் மாதா என்கிறார்கள். திருப்பலி முடிந்து கொடி மேலே ஏறியபோது பழைய துறைமுகத்தில் இழுவைக் கப்பல்கள் சங்கொலி எழுப்பின. புறாக்களைப் பறக்கவிட்டார்கள். என் பக்கத்தில் ஒரு பெண் எவர்சில்வர் செம்பில் பால் வைத்திருந்தாள். கூட்டம் நெருக்க, செம்பின் வாயை உள்ளங்கையால் மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கொடிமரத்தடிக்குப் போய்ச் சேரும்போது பாதிப் பால் அவள் சேலையில் இருந்தது. மீதியை ஊற்றிவிட்டு மரத்தைத் தொட்டு முத்தமிட்டாள். வாழைத்தாரைத் தோளில் சுமந்து வந்தவர்களும் இருந்தார்கள். துறைமுகத்து இளைஞர்கள் கைகோத்து நின்று வயதானவர்களுக்கு வழி விட்டார்கள். அத்தையை இரண்டு பையன்கள் நாற்காலியோடு தூக்கி நிழலில் வைத்தார்கள்.

மாதாவின் சுரூபம் 1555இல் மணிலாவிலிருந்து சாந்தா எலேனா என்ற கப்பலில் வந்தது என்பது கோயில் மரபு. அதற்கு ஏறக்குறைய இருபது வருடம் முன்புதான் முத்துக்குளித்துறைப் பரவர்கள் கொச்சிக்கு ஆள் அனுப்பிப் போர்த்துகீசியரிடம் பாதுகாப்புக் கேட்டு, கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்களை விரட்டி, மக்களைத் தங்கள் சபைக்கு இழுக்கப் பார்த்தார்கள். பரவர்கள் அசையவில்லை. ஆட்சி கை மாறியது, துறைமுகம் கை மாறியது, மாதா மாறவில்லை.

இந்தச் சமூகத்துக்கு ஒரு தலைவர் உண்டு. ஜாதித்தலைவர், பாண்டியபதி என்று பட்டம். போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அந்தப் பதவியை மதித்தே பேச்சு நடத்தினார்கள். 1806இல் பாண்டியபதி தொன் கபிரியேல் தக்குரூஸ் வாஸ் கோமஸ் மாதாவுக்குப் பொன் தேர் செய்தார். அதனால் அவருக்குத் தேர்மாறன் என்று பெயர். அரசர் தேரில் ஏறவில்லை, மாதாவை ஏற்றினார். வடத்தை முதலில் தொடுவதுதான் தலைவருக்குரிய மரியாதை. அதாவது, இழுக்கிறவர்களில் முதல் ஆள் என்ற உரிமை. நான் எடுத்துவந்த கேள்விக்கு இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த நேரான பதில் இதுதான். தனக்கென்று வைத்துக்கொள்ளக்கூடிய தங்கத்தை, உயரத்தை, முதல் இடத்தை ஒரு தலைவர் இறக்கி வேறொருவர் காலடியில் வைக்கிறார். அதைப் பார்த்த மக்கள் அவருக்குத் தலை வணங்கினார்கள். இன்றைக்கு ஜாதித்தலைவர் ஆட்சி இல்லை, தேர் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 5ஆம் தேதி, பத்தாண்டுக்குப் பிறகு அது ஓடியது.

வெளித்திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். "வடம் இழுத்த கை இது. மூணு நாளு எரிஞ்சிச்சி, மருந்து போடல." ஏன் என்று கேட்டேன். "போட மனசு வரல" என்றார்.

மரியாதை என்றால் சண்டையும் கூடவே வரும் என்பதையும் அவரே சொன்னார். யார் முதலில், யாருக்கு எங்கே இருக்கை, மேசைக்காரர் எனப்பட்ட வசதியான வணிகரா, கமரக்காரர் எனப்பட்ட மீனவரா என்று அவருடைய பாட்டன் காலத்தில் ஊர் இரண்டுபட்டுக் கிடந்ததாம்.

மதியம் சுட்டெரித்தது. நிழலுக்காக ஒதுங்கிய பேக்கரியில் கால் கிலோ மக்ரூன் 240 ரூபாய். முந்திரியும் முட்டை வெள்ளையும் சீனியும் மட்டும். வாயில் வைத்ததும் கரைகிறது. ஊருக்குக் கொண்டுபோக வாங்கியதில் பாதியை அத்தை மாடி வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டார்.

ஜூலை 27, மணப்பாடு

மணப்பாட்டில் ஆடிக் காற்று ஆளைத் தள்ளுகிறது. மணல் மேட்டின் மேல் திருச்சிலுவைக் கோயில், மூன்று பக்கமும் கொந்தளிக்கும் கடல். ஏறும்போது அத்தையின் செருப்பு வார் அறுந்தது. சூடேறிய மணலில் வெறுங்காலோடு நடக்க முடியாமல் நின்றவரைப் பார்த்து, ஓலைக்கூடை முடைந்துகொண்டிருந்த ஓர் அக்கா தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தார். "போயிட்டு வாங்கம்மா, நான் இங்கனதான் இருப்பேன்." திரும்பி வந்து அவரிடம் பனையோலைப் பெட்டி ஒன்று வாங்கினோம், 180 ரூபாய். பேரம் பேச மனம் வரவில்லை.

கீழே சவேரியார் தங்கிய குகை. உள்ளே ஒரு சின்னக் கிணறு. கடல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை. சவேரியார் 1542இல் இந்தக் கரைக்கு வந்தார். போர்த்துகல் அரசரின் ஆதரவோடு வந்தவர், கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருவில் பிள்ளைகளைக் கூட்டி மந்திரம் சொல்லிக் கொடுத்தார். குகையில் ஒரு பாட்டி கண்ணை மூடி, இப்போது எங்கள் ஊரில் யாரும் சொல்லாத பழைய பாடத்தில் வேண்டிக்கொண்டிருந்தார்: "கிருபை தயாபத்துக்கு மாதாவாயிருக்கிற எங்கள் இராக்கினியே வாழ்க." இராக்கினி என்றால் அரசி. அத்தை உடனே சேர்ந்துகொண்டார். இரண்டு பேரும் ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் கடைசிவரை சொல்லி முடித்தார்கள். அதற்கு முன் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. பழைய பாடத்தை மாற்றியது சரிதான், பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும். ஆனாலும் வீட்டில் இதையும் ஒருமுறை சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

சாப்பாட்டுக் கடை ஒன்றுதான் திறந்திருந்தது. சாளைப் பொரியல், தேங்காய் அரைத்த மீன் குழம்பு, 130 ரூபாய். காற்றுக்கு வள்ளங்கள் அதிகம் போகவில்லை, அதனால் மீன் விலை ஏறிக்கிடக்கிறது என்றார் கடைக்காரர். வழியில் உடன்குடியில் கருப்பட்டி இரண்டு கிலோ.

ஜூலை 28, வடக்கன்குளம், காற்றாடிமலை

ஞாயிறு திருப்பலி வடக்கன்குளத்தில். மனதைக் கலக்கிய நாள் இது.

நீலகண்ட பிள்ளை திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி, மார்த்தாண்ட வர்மாவின் ஆள். 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி தெலனாயிடம் வேதம் கேட்டு, 1745 மே 14ஆம் தேதி இதே வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவருடைய மனைவி ஞானப்பூ அடக்கமாகியிருப்பதும் இந்த ஊரில்தான்.

இதே ஊரில் 19ஆம் நூற்றாண்டில் ஒரு கோயில் கட்டினார்கள். ஒரே பீடம், இரண்டு சாதிக்கு இரண்டு நீளக் கூடம், நடுவே பிரிவு. ஒருவரை ஒருவர் பார்க்காமல் பூசை காணலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தடுப்பை இடித்தார்கள், அதற்கும் வழக்கு நடந்தது. தூத்துக்குடியில் என்னை நெகிழவைத்த அதே பழக்கம், வரிசை பார்த்து மரியாதை செய்கிற பழக்கம், இங்கே சுவராக எழும்பியிருக்கிறது. மரபு என்று சொல்லி இரண்டையும் ஒன்றாகக் காப்பாற்றச் சொல்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. மாதாவுக்கு முன்னால் எல்லோரும் கீழே நிற்பதற்காகத்தான் அவளுக்குக் கிரீடம். அவள் முன்னாலேயே ஒருவன் இன்னொருவனுக்கு மேலே நின்றுகொண்டால் கிரீடத்துக்கு என்ன பொருள்? தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுக்கும் முன் பெயரிலிருந்து "பிள்ளை"யை எடுத்தார்கள். சிலருக்கு அதில் வருத்தம். எனக்கு நிம்மதி.

மாலை ஆரல்வாய்மொழி. கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலைகள், எல்லாம் முழு வேகத்தில். காற்றாடிமலையில் 1752 ஜனவரி 14ஆம் தேதி தேவசகாயம் சுடப்பட்டார். அதற்கு முன் எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்துப் போனார்கள் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். மதம் மாறியதற்காகக் கொல்லப்படவில்லை என்று வாதிடும் வரலாற்றாளர்களும் உண்டு. திருச்சபை விசாரித்து மறைசாட்சி என்றே ஏற்று, 2012இல் முத்திப்பேறும் 2022 மே 15இல் புனிதர் பட்டமும் கொடுத்தது.

மார்த்தாண்ட வர்மா 1750 ஜனவரியில் தன் நாடு முழுவதையும் பத்மநாப சுவாமிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, பத்மநாப தாசன் என்ற பெயரில் ஆண்டவர். கடவுளின் காலடியில் முடியை வைக்கத் தெரிந்த அரசர். தேர்மாறனுக்குச் சொன்னதை இவருக்கும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அடுத்த இரண்டே வருடத்தில், தன் ஊழியன் ஒருவன் வேறொரு பீடத்தில் மண்டியிட்டதை அந்த அரசால் பொறுக்க முடியவில்லை. ஒரியூரில் சேதுபதியைப் பற்றி இவ்வளவு யோசிக்கவில்லை. இங்கே யோசித்தேன். அரசன் தான் வணங்குவது ஒன்று. மற்றவன் மனதை அவன் வழிக்கே விடுவது இன்னொன்று. முதலாவது கைகூடிய அரசர்கள் பலர். இரண்டாவது கைகூடியவர்கள் மிகக் குறைவு.

மணியடிச்சான் பாறையைக் கல்லால் தட்டினால் வெண்கலம் போல ஒலிக்கிறது. தட்டித் தட்டிப் பாறையில் வழவழப்பான குழிகள் விழுந்திருக்கின்றன. பிள்ளைகள் முறை வைத்துத் தட்டினார்கள். அத்தைக்கு முதலில் கல்லைக் கொடுத்தார்கள்.

ஜூலை 29, பத்மநாபபுரம், கோட்டாறு

திங்கட்கிழமை பத்மநாபபுரம் அரண்மனைக்கு விடுமுறை. வாசலில் இன்னும் நாலைந்து குடும்பங்கள் எங்களைப் போலவே நின்றன. தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் அரண்மனை கேரள அரசின் பராமரிப்பில் இருக்கிறது. காவலாளி மிகவும் வருத்தப்பட்டு, எதிரே போய் ரசவடையாவது சாப்பிட்டுப் போகச் சொன்னார். ஒன்று 12 ரூபாய், நன்றாகவே இருந்தது. பக்கத்தில் உதயகிரிக் கோட்டை. 1777இல் இறந்த தெலனாயின் கல்லறை அங்கே இடிந்த கோயிலுக்குள் இருக்கிறது, லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. எதிரியைப் பிடித்து, அவரையே தளபதியாக்கி, அவர் சாமி கும்பிட இடமும் விட்டவர் அதே மார்த்தாண்ட வர்மா. மனிதர்களை ஒரே வரியில் எழுதி முடிக்க முடிவதில்லை.

கோட்டாறு சவேரியார் பேராலயத்துக்கு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. 1544இல் வடுகப் படையைச் சவேரியார் தடுத்ததற்கு நன்றியாக திருவிதாங்கூரின் முன்னோடியான வேணாட்டின் அரசர் உண்ணி கேரள வர்மா இடம் கொடுத்தார் என்பது கோயில் வரலாறு. தேவசகாயத்தின் கல்லறையும் உள்ளேதான். ஒரு வேணாட்டு அரசர் கொடுத்த நிலத்தில், அதே வழியில் வந்த இன்னொரு அரசர் கொல்லச் சொன்னவர் உறங்குகிறார். பூக்காரம்மா 30 ரூபாய் மாலைக்கு 20 போதும் என்றார், மழையில் நனைந்துவிட்டதாம். அத்தை 30 கொடுத்தார். ஒரியூர் மண்ணில் ஒரு சிட்டிகையை எடுத்துக் கல்லறையின் விளிம்பில் வைத்து, "ரெண்டு பேரும் பேசிக்கட்டும்" என்றார்.

இரவு மரவள்ளிக்கிழங்கும் மீன் குழம்பும், பிறகு மட்டிப்பழம். மழைக்கு இதமாக இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: கோட்டாறில் சவேரியார் திருவிழா நவம்பர் 24இல் கொடியேறி டிசம்பர் 3இல் முடியும். காற்றாடிமலைக்கு ஜனவரி 14, பொங்கலை ஒட்டி வருவதால் ரயிலில் இடம் கிடைப்பது கடினம். முன்பதிவு நவம்பர் நடுவில் திறக்கும். அத்தைக்கும் மகளுக்கும் எனக்கும் மூன்று டிக்கெட் போட வேண்டும்.